நிகோலாவின் பெயர்நாள்

ஒருவன் பெயருக்குரிய புனிதரின் திருநாள்தான் அவனுக்குப் பெயர்நாள்; அதற்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. பெயருக்குரியவன் கதவைத் திறந்துவைத்தால் போதும், தெரிந்தவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். ப்ளோவ்திவ் நகரில் இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் ட்ரிஃபோன் பட்டப்பகலில் கதவைத் தாழிட்டுவிட்டு மூச்சுக்காட்டாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

செய்துவைத்த வேலை அப்படி. பல வருஷம் ரயில் நிலையத்தில் படுத்துக் கிடந்தவன். அங்கே முன்பின் தெரியாதவரிடம் சொந்தப் பெயரை யார் சொல்வார்கள்? வீடில்லாதவர்களுக்கான இந்த விடுதியில் அறை கிடைத்து வந்த அன்று, எதிர் அறை ஸ்லாத்கா, "பேரென்னப்பா?" என்றாள். வாய் தன்பாட்டுக்கு "நிகோலா" என்றது. நிலையத்தில் இவனோடு ஒரே போர்வையில் கிடந்து, போன குளிரில் செத்துப்போனவனின் பெயர் அது. திருத்திச் சொல்ல எத்தனை நாள் இருந்தது! அதற்குள், "நிகோலா, சீட்டாட வா", "நிகோலா, சூப் இருக்கு, வா" என்று மாடியே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ஒருவர் கூப்பிடுவதில் இருந்த சுகத்தை விட்டுவிட இவனுக்கு மனசு வரவில்லை.

இன்று புனித நிகோலாவின் திருநாள். வெளியே அந்த நாளுக்கென்றே சமைக்கும் கெண்டை மீன் மணந்தது.

"டேய் நிகோலா, கதவத் திற! மீன் ஆறுது!" என்றாள் ஸ்லாத்கா.

"ரக்கியாச் சாராயத்த ஒத்தையில காலி பண்றான்போல," என்றார் பக்கத்து அறை வெலிச்கோ. எல்லாரும் சிரித்தார்கள்.

திறந்தால் செத்தவனின் விருந்தைத் தின்ன வேண்டும். திறக்காவிட்டால் தேடிவந்த சனத்தைத் துரத்தியதாகும். இவன் அசையவில்லை. வெளியே சிரிப்பு அடங்கியது.

"விடுங்க. பரிமாற ஒண்ணுமில்லன்னு வெக்கப்படறான்," என்றாள் ஸ்லாத்கா. மீன் தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பாவி, அவர்கள் நிற்கும்போதே திறந்திருக்கலாம். எல்லாரும் போனபிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்லாத்காவிடம் போய், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

"செத்தவன் பேரச் சொல்லியாடா உன்ன இத்தன நாளா கூப்பிட்டேன்?" என்று கத்தினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "சரி, அந்த நிகோலாவுக்கு இந்த நாள்ல யாராச்சும் வந்து கதவத் தட்டினாங்களா?"

"அவனுக்கு ஏது கதவு, அக்கா?" என்றான் ட்ரிஃபோன்.