ஃப்ளோரன்ஸ் அக்கா அடித்த வியட்நாம் எழுத்து

மந்தைவெளியில் இருக்கும் எங்கள் கட்டட வரைபட ஆபீஸில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வெளிநாட்டு கிளையன்ட்டிடம் சந்தேகம் கேட்கக் கூடாது. கேட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவார்களாம். ஃப்ளோரன்ஸ் அக்காவுக்கு இதைச் சொல்லிவைத்தது நான்தான்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. சாந்தோமில் வீடு. பதினெட்டு வருஷம் கணக்கு டீச்சர்; பள்ளியை மூடியதும் கம்ப்யூட்டரில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டு இங்கே வந்தார். ஆறு மாதம் தற்காலிகம். அது முடிகிற வாரத்தில் கைக்கு வந்தது ஒரு வியட்நாம் தொழிற்சாலைப் படம். அதை ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம்.

படத்தில் சுவர் இருந்தது, தூண் இருந்தது. எழுத்து இருக்கவேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி. அந்த ஊர் ஃபான்ட் எங்களிடம் இல்லை. அக்கா நெட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார். ஒன்றில் வெறும் கட்டம். இன்னொன்றில் எழுத்துக்குத் தொப்பி, கொம்பு, காலடியில் புள்ளி எல்லாம் வந்தது.

"இது சரியா தப்பான்னே தெரியல ஸ்நேஹா," என்றார்.

எனக்கு மட்டும் தெரியுமா என்ன? "பாத்தா வியட்நாம் மாதிரிதான் கீது," என்றேன்.

நம்பிக்கையில்லாமல், கூட வந்த பிடிஎஃப்பைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகத் தானே அடிக்க ஆரம்பித்தார். படத்திலிருந்த குறிப்புகளில் மூன்று நாளில் தொண்ணூறு முடிந்தது; ஐம்பது பாக்கி. வெள்ளிக்கிழமை மதியம், என்னிடம் சொல்லாமல், கிளையன்ட்டுக்கு இரண்டு வரி மெயில் போட்டுவிட்டார். பத்தே நிமிடத்தில் ஃபான்ட் வந்தது.

போட்டதும் பாக்கி ஐம்பதும் நல்ல எழுத்தாயின. அக்கா அடித்த தொண்ணூறும் கேள்விக்குறியாயின. மிச்சத்தைச் சரிசெய்யப் போய் முதலுக்கே மோசம். அவர்களுடையது பழைய முறை எழுத்து, அக்கா அடித்தது புது முறை, ஒரே ஃபான்ட் இரண்டையும் காட்டாது என்று கிளையன்ட் ஆட்கள் சொன்னார்கள். எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை.

நல்லவேளை, தொடாத மூலப்படம் தனியாக இருந்தது. அதில் ஃபான்ட்டைப் போட்டுச் சாயங்காலமே அனுப்பினார்.

மேனேஜர் குருபிரசாத் வந்தார். "மூணு நாள் வீண் மேடம். மொத நாளே கேட்டிருக்கலாமே. யாரு வேணாம்னாங்க?"

அக்கா என்னை ஒருதரம் பார்த்தார். "தோணல சார்."

"சரி, இன்னும் ஆறு மாசம் பாக்கலாம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்கக் கூடாது என்றது நான்தான் என்று சொல்லிக்கொள்ளவில்லை.