‘கோ’வின் பின்னால் நான் போன கதை

உடுப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட பஸ், பாதி வழியில், வெட்டவெளி ஒன்றின் நடுவே பெருமூச்சு விட்டு நின்றது. சாரதி இறங்கினார். மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டார், வெளியே எடுத்தார், இரண்டு கைகளையும் விரித்து இங்கிலீசில் தீர்ப்புச் சொன்னார்: “எஞ்சின் கோன்!”

மீன் நிறைந்த ஓலைக் கடகத்தோடு என் பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். “எங்கை மோனை போனது? உதிலைதானே கிடக்கு!”

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினையும் இங்கிலீசுக்காரன் ‘கோ’ என்கிறான். செத்துக் கிடக்கிற எஞ்சினையும் ‘கோன்’ என்கிறான். நாங்கள் மட்டும் என்ன, ‘எஞ்சின் போச்சு’ என்றுதானே சொல்வோம்? கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உடைந்த பொருளைப் பயணம் அனுப்பிவைக்க எப்படித் தெரிந்தது? இந்தச் சின்னஞ்சிறு வினைச்சொல் எதுவரைக்கும் போகிறது, பின்னாலேயே போய்ப் பார்த்தால் என்ன? என்னை விட்டால் அந்த வெட்டவெளியில் இறங்கி நடந்தே பட்டணம் போயிருப்பேன், அவ்வளவு புளுகம், அவ்வளவு துள்ளல்.

அப்போது நான் சீனியர் சோதனை பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பு, என் தகப்பனார், ஒரு தவணை கொடுத்திருந்தார். தோட்டத்தில் புகையிலை வெட்டி முடிவதற்குள் வாத்தியார் வேலை கிடைத்தால் சரி. இல்லையென்றால் தெற்கே காலி நகரத்தில் சிற்றப்பாவின் சுருட்டுக்கடை. பட்டணத்தில் ஓர் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் ஓரிடம் காலி. அதற்கு விண்ணப்பம் கொடுக்கத்தான் அன்று அந்த பஸ்ஸில் ஏறினேன்.

விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்த கையோடு, வாசிகசாலையில் அட்டை கழன்று கிடந்த பெரிய அகராதியைப் பிடித்துக்கொண்டேன். அப்பப்பா! பால் புளித்தால் ‘கோ’. கோயில் மணி அடித்தால் ‘கோ’. விசர் பிடித்தால் ‘கோ’. அசையாமல் கிடக்கிற தெருகூடப் பட்டணத்துக்கு ‘கோ’. வீட்டுக்கு வந்து பார்த்தால் மோர்ச்சட்டி, மணிக்கூடு, படலைக் கதவுக்கு முன்னால் கிடந்த குறுகிய ஒழுங்கை எல்லாமே போய்க்கொண்டிருந்தன. நான் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பிறப்பு வளர்ப்பைத் தேடினால் அது இன்னும் வேடிக்கை. ‘கோ’வுக்கு ஆதியில் தனக்கென்று ஓர் இறந்தகாலம் இருந்ததாம். அது எப்படியோ வழக்கொழிந்து போக, திரும்புதல் என்ற பொருளோடு அக்கம்பக்கத்தில் இருந்த வேறொரு வினையின் ‘வென்ட்’டை எடுத்துத் தனதாக்கிக்கொண்டதாம். இதை ஒருவருக்காவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, ‘கோ’வுக்குச் சொந்தமா இறந்தகாலமே இல்லையணை! பக்கத்துச் சொல்லிட்டை வாங்கித்தான் சீவிக்குது!”

“வாங்கினதைத் திருப்பிக் குடுத்திட்டுதோ?”

“இன்னும் இல்லை.”

“அப்ப எங்கடை சுளகை வாங்கிக்கொண்டு போன பக்கத்து வளவுக்காரி மாதிரித்தான். விசர்க் கதையை விட்டிட்டுக் கிணத்திலை தண்ணி அள்ளு.”

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. பிரின்சிப்பல் ஒரு கிழட்டு வெள்ளைக்காரத் துரை. ஒரேயொரு கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படியே நடந்தது. “அண்மையில் என்ன வாசித்தீர்?” என்றார், கண்ணை மூடினார். நான் மடையைத் திறந்துவிட்டேன். எஞ்சின், மோர், மணி, தெரு, களவெடுத்த ‘வென்ட்’ ஒன்றும் விடவில்லை. மூச்சு வாங்க நிறுத்தினேன். துரை கண்ணைத் திறந்து, “யூ மே கோ நௌ” என்றார்.

நான் திரட்டிய எல்லாக் ‘கோ’வையும் இந்த ஒரு ‘கோ’ அடித்து விழுத்தியது. எழுந்தேன், குனிந்து வணங்கினேன், “ஐ ஷல் கோ அண்ட் கம், சேர்” என்று சொல்லிவிட்டு வெளியேறினேன். வேறு எப்படி விடைபெறுவது? எங்கள் வீட்டில் கிணற்றடிக்குப் போகிறவர்கூட ‘போறன்’ என்று சொல்லிவிட்டுப் படி இறங்கமாட்டார், ‘போட்டு வாறன்’ என்றுதான் சொல்வார்.

“துரை என்ன சொன்னவர்?” என்றார் அப்பு.

“போகச் சொன்னார்.”

“அப்ப போ. காலிக்கு.”

றங்குப்பெட்டி பரணிலிருந்து இறங்கியது. அம்மா சிற்றப்பாவுக்கென்று, சின்ன ஓலைப் பெட்டிகளில் வார்த்த பனங்கட்டிக் குட்டான்களை அதன் மூலையில் அடுக்கினார்.

அடுத்த நாள் மத்தியானம் படலையில் ஒருவர் வந்து நின்றார். சட்டை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. பள்ளிக்கூடத்துப் பியோன்.

“நீர் என்ன மனிசன் காணும்? வாறன் எண்டு துரைக்குச் சொல்லிப்போட்டு ஏன் வரேல்லை? மனுசன் பொழுதுபடுமட்டும் கதிரையை விட்டு எழும்பேல்லை. உமக்கெண்டு ஊத்தின தேத்தண்ணி ஆறி அவிஞ்சு போச்சு. அவர் போகாமல் நான் எப்பிடிக் கதவைப் பூட்டுறது? நானும் குந்திக்கொண்டு இருந்தனான்!”

“ஐயோ, பாவம் மனுசன்!” என்றார் அம்மா.

அப்பு றங்குப்பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வாறன் எண்டு சொன்னனியெல்லே? பிறகேன் நிக்கிறாய்? ஓடு!”

அந்த பஸ் எங்கும் நிற்கவில்லை, கடவுள் புண்ணியம். துரை அதே கதிரையில் இருந்தார். “எங்கே போயிருந்தீர்?” என்றார். வெட்கத்தோடு சொன்னேன். எங்கள் ஊரில் வாசற்படியில் நின்று ‘போ’வைத் தனியே சொல்வதில்லை, அதன் வாலில் ஒரு ‘வா’வை முடிந்துதான் அனுப்புவோம் என்றேன்.

இம்முறை அவர் கண் மூடவில்லை. “திரும்பி வரமாட்டேன் என்று நிச்சயமாகத் தெரிந்தாலுமா?”

“அப்போதுதான் கட்டாயம் சொல்லவேண்டும், சேர்.”

துரை சிரித்தார். வயிறு குலுங்கக் கதிரையும் சேர்ந்து சிரித்தது. “நேற்று நீர் சொன்னதெல்லாம் அகராதியில் இருக்கிறது. இது இல்லை. நாளை காலை மூன்றாம் வகுப்பை எடும்” என்றார். நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து, நாக்கு ஒவ்வோர் எழுத்திலும் தடுக்கி விழ, ஒரு குரல் வந்தது: “போட்... டு வாங்... கோ!”

றங்குப்பெட்டி மீண்டும் பரணுக்கு ஏறிவிட்டது. சிற்றப்பாவின் பனங்கட்டியில் ஒரு குட்டானை இதை எழுதிக்கொண்டே முடித்துவிட்டேன். விடிந்தால் வகுப்பு. ‘கோ’வை விட்டபாடில்லை, அதற்குள் ‘கம்’ வந்து மனதுக்குள் குதிக்கிறது. நாளைக்கு அகராதியைத் தொடுவதாக இல்லை. வகுப்பிலேயே பெரிய வாயாடியைப் பிடித்து, “கிணற்றடிக்குப் போ” என்று இங்கிலீசில் சொல்லி வெளியே அனுப்பப் போகிறேன். படியைத் தாண்டுமுன் அவன் வாயிலிருந்து என்ன வருகிறதோ, அதிலிருந்து பாடம் தொடங்கும்.