எல்லாக் கட்சிப் பிச்சைமுத்து

ஏணிக் கட்சிக்காரருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தபடியே, "இந்தத் தடவை ஏணிதாங்க" என்றார் பிச்சைமுத்து. அவர் ஏப்பம் விட்டுப் போன கையோடு குடைக் கட்சிக்காரர் வந்து நின்றார். "குடையை விட்டா நமக்கு வேற யாருங்க இருக்கா?" என்றார் அவரிடம். திருச்சி பாலக்கரையில் சோடாக்கடை வைத்திருந்த அந்த மனிதர் பொய் சொல்கிறவர் அல்ல. சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒவ்வொன்றையும் மனதார நம்பினார்.

ஐம்பத்தேழாம் வருஷத்துத் தேர்தல் நேரம். கடைச் சுவரில் சின்னம் வரைய ஏணி, குடை, பானை என மூன்று கட்சிக்கும் அவர் சம்மதம் கொடுத்திருந்தார். ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்ததில், பானைக்குள் ஓர் ஏணி இறங்க, மேலே குடை விரிந்து நின்றது. துறையூர்க்காரர் ஒருவர் அதைப் புதுக் கட்சி என்றே நினைத்து விசாரித்தார். "நல்ல கட்சிங்க" என்றார் பிச்சைமுத்து.

எந்தக் கட்சி ஜெயித்துச் சர்க்காரானாலும், முதல் வேலையாகத் தனக்கு ஓட்டுப் போடாதவனைத் தேடித்தான் வரும் என்பது அவர் முடிவு. "இன்னிக்கு இங்க சோடா குடிக்கிறவன் நாளைக்கு மந்திரி. மொகத்தை மறப்பானா?"

"ஓட்டு ரகசியம்னு தமுக்கு அடிச்சுச் சொன்னாங்களே" என்றாள் மனைவி மயிலம்மாள்.

"தமுக்கு அடிச்சுச் சொன்னா அது என்னடி ரகசியம்?"

அந்தத் தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. சின்னம் ஒட்டிய மூன்று பெட்டிகளும் மறைப்புக்குள் இருக்கும். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். உள்ளே போன பிச்சைமுத்து வரவில்லை. வெயிலில் நின்ற வரிசை முணுமுணுத்தது. மறைப்புக்குள்ளிருந்து காகிதம் கிழியும் சத்தம் கேட்டது.

"என்னங்க பண்றீங்க உள்ள?" என்று குரல் கொடுத்தார் வாக்குச்சாவடி அதிகாரி பிலோமின்ராஜ்.

"ஒரு நிமிஷங்க. பானைக்குக் கொஞ்சம் சிறுசாப் போயிடுச்சு."

வெளியே வந்தவரைப் பார்த்து அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். "கிழிச்சுப் போட்டா செல்லாதுங்க!"

"மூணு பேருக்குமா?"

"ஒருத்தருக்குமே செல்லாது."

பிச்சைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார். "அப்ப யாருக்கும் வருத்தமில்லீங்களே!"

சாயங்காலத்துக்குள் விஷயம் பாலக்கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. அவர் பயந்தபடியே கட்சிக்காரர்கள் தேடி வந்தார்கள். சண்டைக்கு இல்லை.

"பெரிய துண்டு எங்களுக்குத்தானே?" என்றார் ஏணிக் கட்சி அழகிரி.

"ஆமாங்க."

குடைக் கட்சி பஷீர் அகமது குரலைத் தாழ்த்தி அதையே கேட்டார். அவருக்கும் "ஆமாங்க"தான். கடைசியாகப் பானைக்காரர் வந்தார். அவர் கேட்காமலே பிச்சைமுத்து ஒரு சோடாவை உடைத்து நீட்டினார். குடித்து முடிப்பதற்குள் இன்னொன்றையும் உடைத்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவரிடம் மயிலம்மாள் கேட்டாள். "என்கிட்டயாவது சொல்லுங்க. நெசமா யாரு ஜெயிக்கணும்னு உங்களுக்கு ஆசை?"

பிச்சைமுத்து எழுந்து ஜன்னலைச் சாத்தினார். தலைவர்கள் படம் போட்ட காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார். பிறகு அவள் பக்கத்தில் வந்து, காதை ஒட்டிக் குனிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டார். மயிலம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். காதில் வெறும் சூடான காற்றுதான் வந்து வந்து பட்டது.