தெருவுக்கே கேக்குற அலாரம்

இன்னைக்கு கேஸ் அலாரம் வாங்கக் கடைக்குப் போனேன். எனக்குக் காது கேக்காதுன்னு எழுதிக் காட்டினேன். கடைக்காரத் தம்பி அதே சீட்டுல பதில் எழுதினார்: "கவலைப்படாதீங்கம்மா, தெருவுக்கே கேக்கும்."

அன்னைக்கும் தெருவுக்குக் கேட்டுச்சுப்பா.

எழுபதுகள்ல, பெரிய காஞ்சிபுரத்து வீட்டுல நான் தனியா, கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு, தறிக்குழியில கால் விட்டு நெய்துக்கினு இருந்தேன். அக்கம்பக்கத்துத் தறிங்க அடிக்கிற அதிர்வு என் காலுக்கு எப்பவும் தெரியும்.

திடீர்னு அத்தனையும் நின்னுபோச்சு.

எங்க தெருவுல பொணம் எடுக்கும்போதுதான் எல்லாத் தறியும் ஒண்ணா நிக்கும். யார் போய்ட்டாங்கன்னு பார்க்க எழுந்தேன்.

திரும்பினா, சமையல்கட்டு முழுக்கப் புகை. மண்ணெண்ணெய் ஸ்டவ் பத்திக்கினு எரியுது. அந்தப் பக்கம் தூளியில என் பொண்ணு முகம் செவந்து வீறிட்டு அழுவுறா.

எப்படி உள்ளே போனேன்னு தெரியல. அவளைத் தூக்கிக்கினு ஓடிவந்து கதவைத் திறந்தேன். வாசல்ல மொத்தத் தெருவும் தறியை விட்டுட்டு வந்து நிக்குது, ஒருத்தர் கையில கதவை உடைக்கக் கடப்பாரை. எல்லார் வாயும் கத்துற மாதிரி திறந்திருந்துச்சு.

கடைத் தம்பிகிட்ட சீட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு, அலாரம் வாங்காம வந்துட்டேன்.

காலுக்குத் தெரியற அலாரம் எங்கனா விக்கிறாங்களா, சொல்லுங்கப்பா.