ஓட்டமாவடியில் மின்சாரம் வரும் நேரம்

காலையிலிருந்து கணினிகள் மறுபடி மறுபடி அணைகின்றன. ஓட்டமாவடி இளைஞர்களுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறேன். வகுப்பு நடக்கும் மண்டபத்தை ஒட்டி ஓர் அரிசி மில். அது ஓடினால் எங்கள் பக்கம் மின்சாரம் இறங்கிவிடுகிறது. எழுதிய வரிகளையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். பின்னேரம் எனக்கு பஸ். பாடம் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

அலுத்துப்போய் மில்லுக்கே போகிறேன். தாடியில் தவிடு படிந்த முதலாளி கதிரையை இழுத்துப் போடுகிறார்.

"வெட்டுக் காலம், சேர். வட்டை வயல்ல இருந்து லோட் லோடா நெல்லு வருது, நிப்பாட்ட ஏலா. மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொன்னா நிப்பாட்டுவம். அப்ப படிச்சுக் குடுங்களன்."

நல்ல யோசனை என்று திரும்பி வந்து காத்திருக்கிறேன். பாங்கு ஒலிக்கிறது. மில் அடங்குகிறது. மின்விசிறிகள் வேகமெடுக்கின்றன, திரைகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன. பலகைப் பக்கம் திரும்புகிறேன். முதுகுக்குப் பின்னால் கதிரைகள் நகர்கின்றன.

"தொழுதிட்டு வாறம், சேர்."

இது முதலாளிக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. ஆளில்லாத மண்டபத்தில் அத்தனை கணினியும் அழகாக வேலை செய்கின்றன. ஆறிப்போன தேநீரைக் குடிக்கிறேன். கடைசியில் வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்கிறது. கூடவே மில்லும் ஓடத் தொடங்குகிறது.