லைனில் ஒரு தாலாட்டு

அன்று மதியம் திருவொற்றியூரில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் நானும் அக்காவும் அவளுடைய கைக்குழந்தையும் மட்டும் இருந்தோம். மீன் விற்கப் போன அம்மா வரவில்லை, கடலுக்குப் போன மாமா வரவில்லை, கரண்டும் வரவில்லை. மறுநாள் எனக்குக் கால் சென்டர் இன்டர்வியூ. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். ஆறாயிரம் சம்பளம் தரும் அந்த வேலையை நம்பித்தான் எல்லோரும் இருந்தார்கள்.

வெளியே கன்டெய்னர் லாரிகள் உறும, உள்ளே குழந்தை வீறிட, சுவருக்கும் வாசலுக்குமாக நடந்தபடி ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தேன்: “ப்ளீஸ் ஹோல்ட் த லைன் ஃபார் எ லிட்டில் வைல்.”

“கொயந்தய தூக்கிகினு வெளிய போக்கா, பேஜாரா கீது!” என்று கத்தினேன்.

“கம்முனு அத்தயே சொல்லுடா. நீ சொல்லச்சொல்ல கொயந்த அடங்குது பாரு.”

மெதுவாக, இழுத்து இழுத்துச் சொன்னேன். லகரங்கள் நாக்கில் படகுபோல் ஏறி இறங்கின. குழந்தை தூங்கிவிட்டது.

“இன்னாடா அர்த்தம்?”

“கொஞ்ச நேரம் லைன்லயே இருங்கன்னு.”

“அவ்ளோதானா? நம்மூட்ல ‘கொஞ்சம் இரு’ன்னா செருப்பால அடிக்கிறாப்ல கீது, இது தாலாட்டாட்டம் கீதே!”

மறுநாள் இன்டர்வியூவில் அதே வரியைச் சொல்லச் சொன்னார்கள். என்னை அறியாமல் இழுத்து இழுத்துச் சொன்னேன்; தொட்டில்போல் உடம்பும் ஆடியது. கேட்டுக்கொண்டிருந்த மேடம் சிரித்துவிட்டார். “கஸ்டமர் தூங்கிடுவார், தம்பி.”

வேலை கிடைக்கவில்லை.

பரீட்சைக்காகவே இங்கிலீஷ் படித்தவன் நான். அர்த்தம் தெரியாத இருவர் முன்னால்தான் அதை முதன்முதலில் ஓர் ஓசையாகக் காதால் கேட்டேன். மனம் நிலைகொள்ளாதபோது இப்போதும் அந்த வரியை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அந்தத் தாலாட்டு எங்கள் வீட்டுக்கு வைத்த செலவு, மாதம் ஆறாயிரம் ரூபாய்.