அக்கினி மூலையில் ஒரு குளிர்ப்பெட்டி

சென்ற வாரம் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. தூக்கி வந்த இருவரும் அதைச் சுவரோரம் நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார்கள். "செத்த நேரம் இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு, ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் தலைமேல் வைத்தேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அவர்கள் என் மகனைப் பார்த்தார்கள். மகன் ஜன்னலைப் பார்த்தான். "கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் ஓடும் சார், இது அந்தக் காலத்துப் பொட்டி இல்ல" என்றார் ஒருவர். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் வைத்தேன்.

பழைய ஃபிரிட்ஜ் ஒன்றும் அவ்வளவு கிழடு இல்லை. மெக்கானிக் வந்து பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்து, "போர்டு போயிருச்சு, பார்ட்ஸ் வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வார்த்தையை நான் தொழிலில் இருந்த காலத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. கிடைக்காத சாமான் என்று உலகத்தில் ஒன்று கிடையாது, தேடச் சோம்பல்படுகிற ஆள்தான் உண்டு என்பது அன்றைய என் கட்சி. அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

புதுக் கதவைத் திறந்ததும் ரப்பர் வாசனை வந்தது. புது ரப்பர் வாசனை வந்தால் எனக்குக் கூடவே மண்ணெண்ணெய் வாசனையும் வந்துவிடும், மூக்கு அப்படிப் பழகிவிட்டது. திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த தெருவில் புகையிலை மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிகள் இருந்தன. தெரு முழுக்கப் புகையிலை நெடி, எங்கள் கடைக்குள் நுழைந்தால் மண்ணெண்ணெய். காஸ் விளக்கு, அரிக்கேன், ஸ்டவ் எல்லாம் விற்போம், பழுது பார்ப்போம். அவற்றோடு மண்ணெண்ணெயில் ஓடும் ஃபிரிட்ஜும் உண்டு. நம்பமாட்டீர்கள், அடியில் விளக்கு எரியும், மேலே பனிக்கட்டி உறையும். கரண்ட் வராத தோட்டத்து வீடுகளுக்கு அதுதான் கதி. நெருப்பு எப்படிக் குளிராக மாறுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் கையை ஆட்டி ஆட்டி விளக்குவேன். பாதிதான் எனக்கே புரியும். கேட்கிறவர்களுக்கு அதுவும் புரியாது என்பதால் வண்டி ஓடியது.

ஒரு பங்குனியில் சித்தையன்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலுச்சாமி என்ற பெரியவர் கடைக்கு வந்தார். தென்னையும் நெல்லும் வைத்திருந்த சம்சாரி. "தம்பி, நம்ம பொட்டி சுட ஆரம்பிச்சிருச்சு" என்றார். நான் கடைக்கு வருவதற்கு முன்னாலேயே அவர் வாங்கிப் போன பெட்டி அது. மற்றவர்கள் கல்யாணத்துக்குச் சர்பத் வைக்க வாங்குவார்கள். அவர் மகளுக்காக வாங்கியிருந்தார். தங்கம் என்று பெயர், ஒரே மகள். சிறு பெண்ணாக இருக்கும்போதே சர்க்கரை வியாதி வந்து, தினமும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்து மதராஸிலிருந்து வரவேண்டும். பல மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைத்திருந்தார்கள். சூடு பட்டால் அது வெறும் தண்ணீர், அடுத்த சரக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அன்று மதியமே பஸ் ஏறினேன். அடுப்படி மூலையில் பெட்டி நின்றது, அடியில் சுடர் மஞ்சளாக எரிந்தது. மஞ்சளாக எரிந்தால் புகை பிடிக்கும், புகை பிடித்தால் குழாய் அடைக்கும், குழாய் அடைத்தால் குளிர் வராது. பார்த்தவுடன் நோயைச் சொல்லிவிட்டேன். திரியைக் கத்தரித்தேன், புகைக்குழாயைப் பிரஷ் விட்டுத் தேய்த்தேன். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது, ரப்பர் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சைக்கிள் டியூபை வகிர்ந்து அடியில் கொடுத்து ஒட்டினேன். "நாளைக்குப் பாருங்க, பல்லு கூசும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு நாளில் பெரியவர் மறுபடி கடை வாசலில் நின்றார். பல் கூசவில்லை.

நான் திரும்பப் போனபோது மருந்துப் புட்டிகளை ஈர மணலில் புதைத்த பானைக்குள் வைத்து, மேலே நனைந்த துணி போட்டு வைத்திருந்தார்கள். தங்கம்தான் துணி காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தன் ஆயுசுக்குத் தானே தண்ணீர் ஊற்றுகிற பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு என்னவோ போல் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "பர்னர் மாத்தணும்" என்றேன்.

பர்னர் மாற்ற மாடல் எண் வேண்டும். எண் பொறித்த தகடு பெட்டியின் நெற்றியில் இருந்தது, ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சந்தனமும் குங்குமமும் அப்பி அப்பி ஓர் அடை போலத் தடித்துவிட்டது. தங்கம் புளியும் தண்ணீரும் கொண்டுவந்து தேய்த்து, ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள். நான் எழுதிக்கொண்டேன். "சரியா எழுதிக்கிட்டீகளா? தப்பா வாங்கிட்டு வந்தா நாந்தான் போவேன், நீங்க போகமாட்டீக" என்றாள். என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. அது அப்போதே காதில் விழுந்தது.

மதுரையில் கடை கடையாக ஏறினேன். அரிக்கேன் திரியைக் காட்டினார்கள், ஸ்டவ் பர்னரைக் காட்டினார்கள், அதையே அராவிப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கடைசியில் ஒரு பழைய சாமான் கடையில், கொடைக்கானலை விட்டுப் போன வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போன தட்டுமுட்டுகளுக்கு நடுவே அதே இனப் பெட்டி ஒன்று கதவில்லாமல் கிடந்தது. எண்ணை ஒத்துப் பார்த்தேன். பர்னர் மட்டும் புதுசு போல இருந்தது. திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜெயித்தவன் மாதிரி உட்கார்ந்து வந்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய் மாட்டினேன். சுடர் நீலமாக எரிந்தது, பார்க்கவே அழகு. வெகு நேரம் கழித்துக் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே வெயில் காலத்து பீரோ மாதிரி இருந்தது. கையை எடுத்துக் கதவை மெல்ல மூடினேன்.

தங்கத்தின் அம்மா பேச்சியம்மாள் அரிசி களைந்த தண்ணீரைத் தரையில் சாய்த்தார். அது எங்கும் தேங்காமல் பெட்டியின் காலடியைச் சுற்றிக்கொண்டு நேராகப் பாத்திரம் கழுவுகிற அங்கணக் குழிக்கு ஓடியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அங்கணம் இருக்கிற இடத்தில் தரை வாட்டமாகத்தானே இருக்கும். சிவப்புச் சிமெண்டின் பளபளப்பில் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்த மாதிரிப் பெட்டி சாய்ந்து நின்றால் உள்ளே குழாயில் அம்மோனியாத் தண்ணீர் சுற்றாது. நெருப்பு எரியும், குளிர் வராது.

"இது எப்பவும் இங்கனதான் இருக்கா?" என்று கேட்டேன். எப்போதிலிருந்து சுடுகிறது என்று முதல் நாளே கேட்டிருந்தேன். இதைக் கேட்கத் தோன்றவில்லை.

"மொதல்ல நடு ரூமுலதான் இருந்துச்சு. மாசி கடைசியில நாந்தான் மாத்துனேன்" என்றார் பேச்சியம்மாள். "நெருப்பு எரியுற சாமானுல்ல தம்பி. அக்கினி மூலையில இல்லாம வேற எங்கன வெச்சாலும் வீட்டுக்கு ஆகாதுல்ல. புள்ளைக்காகத்தான் மாத்துனேன்."

புள்ளைக்காக. பழைய இடத்துக்கே கொண்டுபோவோம் என்றேன். பேச்சியம்மாள் மாட்டேன் என்றார். பெரியவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். "அம்மா மாத்தவிடாது. நீங்க வேற வழி பாருங்க" என்றாள் தங்கம், பானைக்குத் தண்ணீர் தெளித்தபடியே.

வேறு வழி பார்த்தேன். தென்னங்கட்டையில் இரண்டு ஆப்பு செதுக்கிப் பள்ளமான பக்கத்துக் கால்களுக்கு அடியில் கொடுத்தேன். பெட்டியின் தலைமேல் தட்டில் தண்ணீர் வைத்து, அது நடுவில் நிற்கும்வரை ஆப்பைத் தட்டித் தட்டி ஏற்றினேன். அக்கினி மூலையும் பிழைத்தது, என் மானமும் பிழைத்தது.

பொழுது சாயும்போது தங்கம் பெட்டிக்குள் இருந்த பனியறையைத் திறந்தாள். உள்சுவரில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. ஒரு விரலால் தொட்டுக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "இனிமே நான் செத்தா ஒங்க பொட்டியக் குத்தம் சொல்லமாட்டேன்" என்றாள். சிரித்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகு கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம் அந்தப் பெட்டிக்கு அடிக்கடி ஏதாவது கோளாறு வந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் என் மனதில்தான் வந்தது. கடைசியில் தங்கத்தைக் கட்டிக்கொள்கிறேன் என்று போய்ச் சொன்னேன். பெரியவர், "ஊசி போடுற புள்ள தம்பி. பொட்டியப் பாத்துக்கிறதுக்குன்னா மாசம் ஒருக்கா வந்தாப் போதுமே" என்றார். தினமும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பார்த்துக்கொண்டேன். சொன்னால் சொன்னதுதான். நாகல் நகரில் குடித்தனம் வைத்தபோதும், பின்னால் கரண்ட் பெட்டி வந்தபோதும், எத்தனை வீடு மாறினாலும் முதலில் தட்டில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்த பிறகுதான் பால் காய்ச்சுவோம். டாக்டர்கள் சொன்ன கணக்கையெல்லாம் தாண்டி, பேரன் பேத்தி பார்த்துவிட்டுத்தான் தங்கம் போனாள்.

மண்ணெண்ணெய்ப் பெட்டி பழைய இரும்புக்குப் போயிற்று. தோட்டத்து வீட்டையும் இடித்துவிட்டார்கள். புகையிலை நெடி அடித்த தெருவில் இப்போது செல்போன் கடைகள். பழைய ஃபிரிட்ஜின் கதவில் மேல் தட்டு தங்கத்தின் புட்டிகளுக்கானது. அவள் போன பிறகும் அதில் யாரும் எதையும் வைக்கவில்லை. புதியதில் மருமகள் அந்தத் தட்டில் தக்காளி சாஸ் வைத்திருக்கிறாள். தெரியாமல் வைத்ததுதான்.

அன்று தலைமேல் வைத்த தட்டில் தண்ணீர் ஆடாமல் நடுவில் நின்றது. பெட்டி நேராகத்தான் நிற்கிறது. அது நேராக நின்று காப்பாற்ற வேண்டியதுதான் உள்ளே இல்லை.